சேலம்: கார் இன்சூரன்ஸ் ரினிவல் 6,727ல் இருந்து 21,264 ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?

மலைப்பாதைப் பயணி
16 செப்டம்பர் 2025

வணக்கம் நண்பர்களே. கன்னங்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். 2022 செப்டம்பரில் எடுத்த ஸ்விஃப்ட், பெட்ரோல், 1197 சிசி. பாலிசி இந்த மாதம் 28ஆம் தேதியோடு முடிகிறது. போன வருடம் வண்டி எடுத்த ஷோரூமிலேயே ரினிவல் செய்தேன், 6,727 ரூபாய் ஆனது. நேற்று அதே இடத்தில் இருந்து வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது, 21,264 ரூபாய். வேறு யாருடைய வண்டிக்கோ போட்டதை எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து உடனே ஃபோன் போட்டேன். "உங்களுடையதுதான் சார், எல்லாக் கம்பெனியும் ஏற்றிவிட்டார்கள், நீங்கள் க்ளெய்ம் வேறு எடுத்திருக்கிறீர்கள்" என்றார்கள்.

க்ளெய்ம் எடுத்தது உண்மை. எனக்கு வேலை ஏற்காட்டில், வாரத்துக்கு மூன்று நாள் மேலே போய் வருகிறேன். மார்ச் மாதம் ஒரு நாள் காலை நான் ஏறிக்கொண்டிருந்தபோது கொண்டை ஊசி வளைவில் மேலே இருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் அதைப் பேசி என்ன பயன், நான்தான் இடது பக்கம் ஒதுங்கினேன். பம்பர் முனை தடுப்புச் சுவர்க் கல்லில் தேய்ந்து, கிளிப் கழன்று ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஷோரூம் பில் 8,700. நான் 1,000 கட்டினேன், மிச்சம் 7,700 கம்பெனி கொடுத்தது. அந்த 7,700க்காக இப்போது இவ்வளவா என்பதுதான் இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. இந்த மாதம்தான் மகளுக்கு காலேஜ் ஃபீஸும் கட்டினேன்.

தெரிந்த ஏஜென்ட் ஒருவர், என்சிபி (க்ளெய்ம் எடுக்காதவர்களுக்குத் தரும் தள்ளுபடி) 35 சதவீதம் போட்டு 12 ஆயிரத்துக்குள் முடித்துத் தருகிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் போதும் என்கிறார். ஆபீசில் ஒருவர், 22ஆம் தேதி முதல் இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஒரு வாரம் பொறுத்துக் கட்டுங்கள் என்கிறார். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. வண்டிக்கு பேங்க் லோன் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

ஐந்துரோட்டுக்காரன்
16 செப்டம்பர் 2025

தம்பி, மொத்தத் தொகையை மட்டும் வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கொட்டேஷனில் ஒவ்வொரு வரியாக என்ன போட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் போடுங்கள், போன வருட பாலிசியில் இருந்ததையும் பக்கத்தில் போடுங்கள். ஷோரூமில் மொத்தம் மட்டும்தான் அனுப்பினார்கள் என்றால் பிரேக்கப் கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும். அதுவரைக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

மலைப்பாதைப் பயணி
17 செப்டம்பர் 2025

கேட்டு வாங்கிவிட்டேன் அண்ணா. போன வருடம்: ஐடிவி (கம்பெனி குறிக்கும் வண்டி மதிப்பு) 5,60,000. ஓடி, அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம், 5,361, அதில் என்சிபி 25 சதவீதம் போக 4,021. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்கு முழு விலை தருவது) 1,680. அப்புறம் ஜிஎஸ்டி. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

இந்த வருடம்: ஐடிவி 4,80,000. ஓடி 8,424, என்சிபி பூஜ்யம். ஜீரோ டெப் 2,450, இன்ஜின் புரொடெக்ட் 900, கன்ஸ்யூமபிள்ஸ் 480, சாவி 400, டயர் 1,150. தேர்ட் பார்ட்டி 3,416. ஓனர் டிரைவர் பிஏ (விபத்துக் காப்பீடு) 750. சம்பள டிரைவர் 50. எல்லாம் கூட்டி 18,020, ஜிஎஸ்டி 3,244.

வண்டியின் மதிப்பு 80 ஆயிரம் குறைந்திருக்கிறது, ஆனால் ஓடி ஏறியிருக்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை. சாவி, டயர் எல்லாம் நான் கேட்கவே இல்லை.

ஐந்துரோட்டுக்காரன்
17 செப்டம்பர் 2025

இப்போது பேசலாம். நான் 11 வருடம் இதே ஊரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவன், இப்போது அந்த வேலையில் இல்லை, எனக்கு யாரிடமும் கமிஷன் கிடையாது. உங்களைப் போல 2022ல் வண்டி எடுத்து இந்த வருடம் அதிர்ந்துபோய் வருகிறவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் மூன்றாவது வருடம் முடிகிற இடத்தில்தான் இந்தக் குழி இருக்கிறது.

2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புதுக் கார் எடுக்கும்போதே மூன்று வருடத் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். உங்கள் சிசிக்கு அது 10,640 ரூபாய், ஆன்ரோடு விலைக்குள் போய்விட்டதால் யாரும் அதைத் தனியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். 2023லும் 2024லும் நீங்கள் கட்டியது ஓடி மட்டும், அதாவது உங்கள் வண்டிக்கு அடிபட்டால் உள்ள பாதுகாப்பு. இப்போது அந்த மூன்று வருடம் முடிந்துவிட்டது, இனி ஒவ்வொரு வருடமும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்து வரும். 1000 சிசிக்கு மேல் 1500க்குள் உள்ள காருக்கு அது 3,416, ஜிஎஸ்டியோடு 4,031. இந்தத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலை, 2022 ஜூன் 1ல் வந்த விலைதான் 2025லும் ஓடுகிறது. ஆக "எல்லாக் கம்பெனியும் ஏற்றிவிட்டார்கள்" என்பது இதில் பொருந்தாது. இந்த 4,031ல் பேரம் பேசவும் முடியாது, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம்.

பிஏ 750ம் அதே மாதிரிதான், முதலிலேயே மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள், அது முடிந்து இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு வழி உண்டு. உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பீடு வேறு எங்காவது இருந்தால் இதைக் கட்ட வேண்டியதில்லை, 2019 ஜனவரியில் இருந்து அப்படி. ஆபீசில் குரூப் பாலிசி எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றால் தயவுசெய்து 750ஐ மிச்சம் பிடிக்க வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள் மலை ஏறி இறங்குகிறவர் நீங்கள். சம்பள டிரைவர் 50, டிரைவர் வைத்திருந்தால்தான்.

இன்ஜின், கன்ஸ்யூமபிள்ஸ், சாவி, டயர் நான்கும் புதிதாக ஏற்றியது, 2,930, வரியோடு 3,457. நீங்கள் கேட்காததைப் போட்டு அனுப்பினால் நீக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கூட்டிப் பாருங்கள். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் வித்தியாசம் 14,537. அதில் வரியோடு 8,432 மேலே சொன்னவை, இவை எதுவும் விலையேற்றம் கிடையாது, போன வருடம் பட்டியலிலேயே இல்லாதவை. மிச்சம் 6,105 ரூபாய்தான் நிஜமாக ஏறியது. அந்த 6,105க்குத்தான் நாம் சண்டை போட வேண்டும்.

அது ஏன் ஏறியது? காருக்குச் சொந்த சேதப் பிரீமியத்தை 2007 ஜனவரி முதல் கம்பெனிகளே முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பழைய டேரிஃப் ரேட் உங்கள் வண்டிக்கு ஐடிவியில் 3.191 சதவீதம், சேலம் பி ஸோன், சென்னையை விடக் கொஞ்சம் குறைவு. அந்த ரேட்டில் இருந்து எவ்வளவு தள்ளுபடி கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். போன வருடம் உங்களுக்கு 70 சதவீதம் தள்ளியிருக்கிறார்கள், இந்த வருடம் 45 சதவீதம்தான். ஐடிவி குறைந்தும் ஓடி ஏறியதற்குக் காரணம் இது ஒன்றுதான். க்ளெய்ம் எடுத்ததால் தள்ளுபடியைக் குறைப்பார்கள், வண்டிக்கு வயது ஏறினாலும் குறைப்பார்கள், அந்த மாடலுக்கு நிறைய க்ளெய்ம் வந்தாலும் குறைப்பார்கள். இன்னொரு கம்பெனி இதே வண்டிக்கு 60 கொடுக்கலாம், 65 கொடுக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

அதனால் இந்த வாரத்துக்குள் ஒரு நான்கு இடத்தில் விலை கேளுங்கள். இப்போதைய கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் ஒரு முறை, ஷோரூம் விலைக்கும் அதற்குமே வித்தியாசம் வரும். வேறு இரண்டு தனியார். அப்புறம் அரசுக் கம்பெனி ஆபீஸ் ஒன்றுக்கு நேரிலேயே போங்கள். எல்லா இடத்திலும் ஐடிவி 4,80,000 என்று மாற்றிய பிறகுதான் விலையைப் பாருங்கள். ஆன்லைனில் முதலில் காட்டுகிற மலிவான விலையில் பல சமயம் ஐடிவியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார்கள், வண்டி திருடு போனாலோ மொத்தமாக நசுங்கினாலோ கையில் வருவது அந்த ஐடிவிதான், லோன் பாக்கிக்கே பற்றாது.

ஜிஎஸ்டிக்குக் காத்திருக்க வேண்டாம். 22ஆம் தேதி முதல் வரியை நீக்குவது தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் தனிநபர், குடும்ப மெடிக்ளெய்முக்கும்தான். காருக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.

அந்த ஏஜென்ட் சொன்னதற்கு மட்டும் கோபமாகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். க்ளெய்ம் எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று கையெழுத்துப் போடுவது அது. புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். அப்போது கேட்காமல் விட்டால் இன்னும் மோசம், நாளைக்குப் பெரிய விபத்து என்று க்ளெய்ம் போகும்போதுதான் தோண்டுவார்கள், பொய்யான என்சிபி என்று தெரிந்தால் சொந்த வண்டிக்கான பணம் வராது. நான் வேலையில் இருந்தபோது இந்த ஒரு காரணத்துக்காக மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் அன்றைக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்.

கொண்டலாம்பட்டி பட்டறை
17 செப்டம்பர் 2025

அண்ணன் விலாவாரியாகச் சொல்லிவிட்டார். நான் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், அந்த மார்ச் மாத க்ளெய்மைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இனிமேலாவது மற்றவர்களுக்கு உதவும்.

பம்பர் பிளாஸ்டிக். கிளிப் கழன்று முனை தேய்ந்தது என்றால் முழு பம்பர் மாற்றத் தேவையே இருந்திருக்காது. கிழிந்த இடத்தைச் சூடு வைத்து ஒட்டி, உள்பக்கம் வலை கொடுத்து, மேலே பட்டி பார்த்து, பம்பரை மட்டும் கழற்றி பெயின்ட் அடித்து மாட்டினால் எங்கள் மாதிரி இடத்தில் 3,500க்குள் முடியும். ஒன்றரை நாள் வேலை.

இப்போது என்சிபி கணக்கைப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத முதல் வருடம் முடிந்தால் 20, அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும். நீங்கள் க்ளெய்ம் எடுக்காமல் இருந்திருந்தால் இந்த ரினிவலில் 35 கிடைத்திருக்கும். இப்போது பூஜ்யம். அடுத்த வருடம் 45 வர வேண்டிய இடத்தில் 20, அதற்கடுத்து 50க்குப் பதில் 25, அப்புறம் 50க்குப் பதில் 35, அப்புறம் 50க்குப் பதில் 45. விட்டுப்போனதைக் கூட்டினால் 35, 25, 25, 15, 5, மொத்தம் 105. ஒரு வருட ஓடி முழுசாகவே போய்விட்டது. ஓடி 6,000 என்று வைத்தால் 6,300, வரியோடு 7,434. வருடாவருடம் ஐடிவி இறங்கும், அதனால் 6,500 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்துடன் கையில் இருந்து 1,000 கட்டியிருக்கிறீர்கள். 7,500 செலவழித்து 3,500 ரூபாய் வேலையைச் செய்திருக்கிறீர்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் தப்பு இல்லை, கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், "ஜீரோ டெப் இருக்கிறது சார், உங்களுக்கு ஆயிரம்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு வருட ஓடி எவ்வளவோ அதைப் போல இரண்டு மடங்குக்குக் கீழே உள்ள வேலைக்கு க்ளெய்ம் போக வேண்டாம். அதற்காக கதவு, ஃபெண்டர், ஹெட்லைட் என்று சேர்ந்து அடிபட்டால் தயங்கவே கூடாது, அதற்குத்தானே கட்டுகிறோம்.

ஒண்டிக்கடை மேலே
18 செப்டம்பர் 2025

நான் ஏற்காட்டிலேயே இருப்பவன். கேட்காத ஆட்ஆன் எல்லாவற்றையும் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள், சரிதான், ஆனால் இன்ஜின் புரொடெக்டை மட்டும் தூக்கிவிடாதீர்கள். மலைக்கு மேலே தண்ணீர் நிற்காது, உருண்டு ஓடிவிடும். ஆனால் நீங்கள் இரவு இறங்கிப் போய் வண்டியை நிறுத்துவது சேலத்தில்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், மலைப்பாதையில் மண் சரிந்து நாங்கள் மேலேயே மாட்டிக்கொண்டோம். அந்த நாளில் என் தங்கை வீட்டுக்காரர் கார் கிச்சிப்பாளையம் பக்கம் தெருவில் நின்றது. விடிந்து பார்க்கும்போது தண்ணீர் முன்பக்க கிரில் வரை ஏறி இறங்கிய கறை, பம்பரின் மேல் கோடு போட்ட மாதிரி சேறு. உள்ளே கார்பெட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், ஓரளவு காய்ந்த மாதிரி இருந்திருக்கிறது. சரி, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினார். ஒரு டக் என்ற சத்தம், அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீர் சிலிண்டரில் நின்றிருக்கிறது, பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. 84 ஆயிரம் பில். வெள்ளச் சேதம் என்று கார்பெட், வயரிங் கிளீன் செய்ததற்குக் கொடுத்தார்கள், இன்ஜினுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம், சாதாரண பாலிசியில் வராது என்று சர்வேயர் எழுதிவிட்டார். ஃபுல் இன்சூரன்ஸ்தானே எடுத்தேன் என்று அவர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

900 அதிகம் என்றால் வேறு கம்பெனியில் குறைவாகக் கிடைக்கும், ஆனால் எடுங்கள். எடுத்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைப் போடாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

ஜீரோ டெப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு பாதி விலைதான் தருவார்கள், இப்போது வருகிற வண்டிகளில் முன்பக்கம் பூராவும் பிளாஸ்டிக்தான். டயர் ஆட்ஆன் எனக்குத் தெரிந்து யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

அம்மாபேட்டை மீனாட்சி வீடு
18 செப்டம்பர் 2025

தேதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். விலை பார்த்துக்கொண்டே 28ஐத் தாண்டிவிடாதீர்கள் தம்பி. இரண்டு வருடம் முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், நான் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்ததில் காரே எடுக்கவில்லை, பாலிசி முடிந்ததும் கவனத்தில் இல்லை. நினைவு வந்து போனபோது 97 நாள் ஆகியிருந்தது. 90 நாளைத் தாண்டினால் சேர்த்து வைத்த என்சிபி மொத்தமும் போய்விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 50 சதவீதம் வைத்திருந்தேன், ஏழு நாளில் போனது. அதுவும் இல்லாமல் ஒரு நாள் விட்டுப்போனாலும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பி, அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஓடி கிடைக்கும், நடுவில் எது நடந்தாலும் நம் தலையில். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடித்தால் முதல் தடவை 2,000 அபராதம், அது சின்ன விஷயம், யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு நம் சொத்தில் இருந்து போகும்.

இன்னொன்று. அப்பா இப்போது வண்டியைக் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் எடுக்கிறார், வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் கூட ஓடாது. ஓடுகிற தூரத்துக்குத் தகுந்தாற்போல் ஓடியைக் குறைக்கிற பாலிசி 2022ல் இருந்து வந்திருக்கிறது, அதைத்தான் எடுத்தேன், எங்களுக்கு நல்லாவே குறைந்தது. நீங்கள் வாரம் மூன்று முறை மலை ஏறுவதால் உங்களுக்கு ஒத்து வராது, படிக்கிற மற்ற யாருக்காவது பயன்படும்.

மலைப்பாதைப் பயணி
19 செப்டம்பர் 2025

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஷோரூமில் திரும்பவும் கேட்டேன், வெளியே எடுத்தால் இங்கே கேஷ்லெஸ் கிடைக்காது, முழுப் பணமும் கட்டிவிட்டு நீங்களே கம்பெனியிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். டயர், சாவியை நீக்கித் தருகிறோம், ஆனால் ஓடியில் குறைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் தேர்ட் பார்ட்டி மட்டும் என்ற யோசனையை விட்டுவிட்டேன், பேங்கில் கேட்டதற்கு லோன் முடியும் வரை முழு பாலிசி இருந்தே ஆக வேண்டும் என்றார்கள்.

ஐந்துரோட்டுக்காரன்
19 செப்டம்பர் 2025

லோன் இல்லாவிட்டாலும் நாலே முக்கால் லட்ச ரூபாய் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேஷ்லெஸ் என்பது அந்த சர்வீஸ் சென்டருக்கும் நீங்கள் எடுக்கப்போகிற கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. கம்பெனி வெப்சைட்டில் கராஜ் பட்டியல் இருக்கும், சேலம் என்று போட்டுப் பாருங்கள், உங்கள் சர்வீஸ் சென்டர் பெயர் இருந்தால் முடிந்தது. இன்சூரன்ஸ் பக்கம் பேசாமல் சர்வீஸ் பக்கம் அட்வைசரிடம் போய், எந்தெந்தக் கம்பெனிக்குக் கேஷ்லெஸ் செய்கிறீர்கள் என்று கேளுங்கள், அவர் உண்மையைச் சொல்வார். எங்களிடமே எடுத்தாக வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. மிரட்டினால் ஆணையத்தின் புகார்ப் பிரிவான பீமா பரோசா எண் 155255ல் புகார் சொல்லலாம். அந்த அளவுக்குப் போகாது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாலே பேச்சு மாறும்.

வாலன்டரி டிடக்டபிள் என்று ஒன்று காட்டுவார்கள், க்ளெய்ம் வரும்போது 2,500 நாமே ஏற்றுக்கொண்டால் ஓடியில் 20 சதவீதம் குறையும், ஆனால் 750க்கு மேல் குறையாது. பட்டறை நண்பர் சொன்ன மாதிரி சின்ன வேலைக்கு க்ளெய்மே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்களானால் அதை எடுக்கலாம். மலை ஓட்டம் என்பதால் நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். உங்கள் விருப்பம்.

மலைப்பாதைப் பயணி
24 செப்டம்பர் 2025

முடித்துவிட்டேன், விவரம் போடுகிறேன், இதே மாதிரி 2022 வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

சனிக்கிழமை காலை சர்வீஸ் அட்வைசரைப் போய்ப் பார்த்தேன். ஆறு கம்பெனிக்குக் கேஷ்லெஸ் இருப்பதாகச் சொல்லி, ஜாப் கார்டின் பின்பக்கத்திலேயே பெயர்களை எழுதிக் கொடுத்தார். அந்த ஆறில் மட்டும் விலை பார்த்தேன். இப்போதைய கம்பெனியின் வெப்சைட்டிலேயே, ஷோரூம் இல்லாமல், 16,900 காட்டியது. அரசுக் கம்பெனி ஆபீசில் 14,300 சொன்னார்கள், அந்த மேடம் பொறுமையாக ஒவ்வொரு வரியையும் பேனாவால் தொட்டு விளக்கினார். கடைசியாக எடுத்தது இன்னொரு கம்பெனியில்: ஐடிவி அதே 4,80,000, ஓடி 5,900, ஜீரோ டெப் 1,720, இன்ஜின் 620, தேர்ட் பார்ட்டி 3,416, வரியோடு 13,754. ஆபீசில் 20 லட்சத்துக்கு விபத்து பாலிசி எல்லோருக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள், எனக்கு இத்தனை நாள் தெரியாது, அந்த சர்டிஃபிகேட்டைக் காட்டியதால் பிஏ கட்ட வேண்டியிருக்கவில்லை. படிவத்தில் போன வருடம் க்ளெய்ம் எடுத்தீர்களா என்ற இடத்தில் ஆம் என்றுதான் போட்டேன்.

28ஆம் தேதி நள்ளிரவில் இருந்து ஆரம்பம். பாலிசி மெயிலில் வந்ததும் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பேங்க் பெயரும் சரியாக இருக்கிறது. கொண்டலாம்பட்டி அண்ணா, பின்பக்கக் கதவில் ஒரு கீறல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமா?

கொண்டலாம்பட்டி பட்டறை
24 செப்டம்பர் 2025

மதியம் வரை இருப்பேன், கொண்டு வாருங்கள். கீறல் நகத்தில் மாட்டவில்லை என்றால் பாலிஷிலேயே போய்விடும்.